கடன்மேற் செலவு

நூலுக்கு வரும் குற்றம் பத்து என்றும், அழகு பத்து என்றும் நன்னூலார் வகுத்துள்ளார். பண்டித வகுப்பிலே இவ்விருபதையும் ஆண்டுதோறும் நான் பாடஞ்சொல்லி வருகிறேன். மாணாக்கரும் அவற்றை நெட்டுருப் பண்ணி ஒப்புவித்து வருகின்றனர். 'மயங்க வைத்தல்' குற்றங்களுள் ஒன்று. 'விளங்க வைத்தல்' அழகுகளுள் ஒன்று. முன்னதற்கு உதாரணங் கேட்கும் மாணாக்கனுக்குப் பழைய உரைகளிலிருந்து ஓரிடத்தை எடுத்துக் காட்டுவது என் வழக்கம். பிறர் குற்றத்தைக் காட்டுதல் எளிது. ஆசிரியத் தொழிலில் அதற்கு வாய்ப்பும் மிகுதி.

சில ஆண்டுகளாக நான் வேறோர் உதாரணத்தைக் காட்டுகிறேன். அதனை எழுதியவன் நானே. வகுப்பறைக்குள் மட்டும் இருந்த அந்தச் செய்தியை இன்று வாசகர் முன் வைக்கிறேன். காலநிலை, விஞ்ஞானம், மொழி என்னும் மூன்றையும் பற்றி நான் சொல்ல விரும்புவன யாவும் அந்த ஒரு வாக்கியத்திலிருந்தே தொடங்குகின்றன.

2020ஆம் ஆண்டு டிசெம்பர் முதல் வாரத்தில் 'புரெவி' என்னும் சூறாவளி வங்கக் கடலிலிருந்து இலங்கையின் வடகீழ்க் கரையை நோக்கி வந்தது. எங்கள் கரையோரக் கிராமத்துச் சனசமூக நிலையத்தார், ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊருக்கு அறிவித்தல் செய்ய விரும்பினர். மேலிடத்திலிருந்து வந்த அறிவித்தலின் தமிழ் கரடுமுரடாக இருந்தது. எழுத்துப் பிழைகள் இருந்தன. எழுவாய் ஓரிடத்திலும் பயனிலை வேறோரிடத்திலும் கிடந்தன. "ஐயா, இதைக் கொஞ்சம் திருத்தித் தாருங்கோ" என்று செயலாளர் கேட்டார். தமிழ் வாத்தியாரிடம் இப்படி ஒரு கடதாசியைக் கொடுத்தால் அவர் சும்மா இருப்பாரா? நான் திருத்தினேன். என் திருத்தத்தின் நடுவே பின்வரும் வாக்கியம் அமைந்தது: "தாழமுக்கம் சூறாவளியாய்ப் பரிணமித்துக் கரையை அணுகுதலின், தொழிலாளர் கடன்மேற் செலவைத் தவிர்த்தல் நன்று."

இலக்கண வழு அதில் இல்லை. கடல் என்பதன் ஈற்று லகரம் மகரம் வரும்போது னகரமாகத் திரியும். ஆதலாற் கடன்மேல். செலவு என்பது செல்லுதல். பழைய நூல்களிற் பயணத்துக்கு அதுவே சொல். ஓசையும் நன்றாக இருந்தது. எழுதி முடித்து, ஒருமுறை வாய்விட்டு வாசித்து, மகிழ்ந்து கொடுத்தனுப்பினேன்.

மழைக்குள்ளே ஒலிபெருக்கி ஊர் முழுதும் அதைச் சொல்லிற்று. கேட்டவர்களுக்கு என்ன விளங்கியிருக்கும்? கடன்பட்டுச் செலவழிக்க வேண்டாம் என்று விளங்கிற்று. சூறாவளி வரப்போகிறதென்று சனங்கள் கடையிலே கடனுக்குச் சாமான் வாங்கிக் குவிக்கிறார்கள்; அதைத்தான் வாத்தியார் கண்டிக்கிறார் என்று தேநீர்க் கடையிற் பேசிக்கொண்டார்களாம். வானொலி கேட்டவர்களும் கைப்பேசி வைத்திருந்தவர்களும் செய்தியை வேறு வழியால் அறிந்து கரையில் நின்றுவிட்டனர். ஆயின் அன்று மின்சாரம் இல்லை. ஒலிபெருக்கியை மட்டும் நம்பிய ஒருவர், முதல்நாள் போட்ட வலையை எடுத்து வருவோம் என்று விடியற்காலையில் வள்ளத்தைத் தள்ளினார். அவருடைய மகன் என் பழைய மாணாக்கன்.

உயிர் தப்பியது. வள்ளம் முருகைக் கற்பாரில் அடிபட்டுச் சிதறியது, வலை போயிற்று, வலக்கை முறிந்தது. நான் வைத்தியசாலைக்குச் சென்று அவரைப் பார்த்தேன். என் வாக்கியத்தைப் பற்றி நானாகவே பேச்செடுத்தேன். அவர் சொன்னார்: "பிழை உங்களிலை இல்லை, ஐயா. நான் படிக்காதவன். எனக்குத்தான் விளங்கேல்லை."

அவர் என்னை ஏசியிருந்தால் எனக்கு இவ்வளவு நோவாது. முப்பது ஆண்டு படிப்பித்த ஒருவனின் குற்றத்தை, படிக்க வசதியில்லாத ஒருவர் தம் குற்றமென்று ஏற்றுக்கொண்டார். விளங்காத மொழி எப்பொழுதும் இந்த அநியாயத்தைச் செய்கிறது. எழுதினவன் அறிவாளியாகிறான், விளங்காதவன் மூடனாகிறான். குற்றம் இடம்மாறிவிடுகிறது.

மேலிடத்துக் கடதாசியை நான் பிறகு எடுத்துப் பார்த்தேன். எழுத்துப் பிழைகளுக்கு நடுவே, "கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று அதில் நேராக எழுதியிருந்தது. தெளிவாக இருந்த ஒரேயொரு வாக்கியத்தை நான் அழகுபடுத்திக் கெடுத்துவிட்டேன். அஃது ஒரு கட்டளை. 'நன்று' என்று போட்டு அதை அறிவுரையாக்கினேன். ஓசையுடைமை என்னும் அழகைத் தேடிப்போய், விளங்க வைத்தல் என்னும் அழகை இழந்தேன்.

இது தனியொரு பண்டிதனின் அசட்டுத்தனம் என்று விட்டுவிடலாமே என வாசகர் நினைக்கக்கூடும். முன்பு அப்படி விட்டிருக்கலாம். விஞ்ஞானச் சொற்கள் அப்போது பாடப் புத்தகத்துக்குள் இருந்தன. பரீட்சை முடிந்ததும் அவற்றை மறந்துவிடலாம். இப்போது அவை வீட்டு வாயிலுக்கு வந்துவிட்டன. கைத்தொழில் பெருகுமுன் வளிமண்டலத்திலே பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. உலகின் சராசரி வெப்பநிலை ஒரு பாகைக்கு மேல் உயர்ந்துவிட்டது. 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரி 20 சதமமீற்றர் ஏறியது. 2025 நவம்பர் 28ஆந் திகதி இலங்கையில் கரையேறிய 'டித்வா' சூறாவளியின் அழிவில் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மலைநாட்டின் மண்சரிவுகளிற் புதையுண்டோர் பலர். இத்தகைய காலத்தில் ஓர் எச்சரிக்கை வாக்கியம் இலக்கியப் பயிற்சி அன்று. அது கயிறு. பிடிப்பவன் கைக்கு எட்டவேண்டும்.

முதலிலே 'காலநிலை' என்னும் சொல்லையே பார்ப்போம். "சீரற்ற காலநிலை காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன" என்று நம் பத்திரிகைகள் எழுதுகின்றன; வானொலியும் அப்படியே சொல்கிறது. இன்று பெய்யும் மழையும் நாளை வீசும் காற்றும் காலநிலை அல்ல, அவை வானிலை. ஓரிடத்து வானிலையைப் பல்லாண்டு பதிந்து, பொதுவாக முப்பது ஆண்டு எடுத்து, அதன் சராசரியையும் போக்கையும் கண்டால் அது காலநிலை. ஒருவன் இன்று கோபமாயிருப்பது வானிலை. அவன் கோபக்காரன் என்பது காலநிலை. இவ்விரண்டையும் ஒரு சொல்லாற் குறித்துவிட்டு, "காலநிலை மாறுகிறது" என்றால், "காலநிலை நாளுக்கு நாள் மாறுவதுதானே, ஐயா, இதில் என்ன புதுமை?" என்று விவசாயி கேட்பார். அவர் கேள்வி நியாயமானது. நாம் அவருக்குத் தந்த சொல் பிழையானது.

பாக்குநீரிணைக்கு அப்பால் வேறொரு சங்கடம். நாங்கள் தாழமுக்கம் என்பதை அவர்கள் காற்றழுத்தத் தாழ்வு என்கிறார்கள். நாங்கள் சூறாவளி என்பது அவர்களுக்குப் புயல். எங்கள் ஒட்சிசன் அவர்களுக்கு ஆக்சிஜன். எங்கள் காபன் அவர்களுக்குக் கார்பன். முன்பு இதனால் இடர் இல்லை. இன்று எங்கள் கரையில் நிற்கும் இளைஞன் சென்னை வானிலையாளரின் பேச்சையும் கொழும்பு அறிவித்தலையும் ஒரே கைப்பேசியிற் கேட்கிறான். ஒரே காற்றுக்கு இரண்டு பெயர். இரண்டு காற்று வருகிறதென்று எண்ணியவரையும் நான் கண்டிருக்கிறேன். எந்தச் சொல்லை விடுவது என்று வழக்காடுவதிற் பயனில்லை. இரண்டையும் ஒருமுறை சேர்த்துச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது.

இனி, குடாநாட்டின் தண்ணீருக்கு வருவோம். இங்கே பொருள் இன்னும் ஆழமானது.

யாழ்ப்பாணத்திலே வற்றாத ஆறு கிடையாது. மழைக்காலத்தில் ஓடும் வழுக்கியாறு ஒன்றே உண்டு. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளால் இறங்கி நிலத்தடியில் தங்குகிறது. அதனையே கிணற்றால் எடுத்துக் குடிக்கிறோம், தோட்டத்துக்கும் இறைக்கிறோம். நிலத்துக்கு அடியிற் பெரிய ஏரியொன்று இருக்கிறதென்று பலர் எண்ணுகின்றனர். அப்படியில்லை. நான்கு புறமும் கடல்நீர் கல்லுக்குள் ஊறியிருக்கிறது. நன்னீர் கடல்நீரிலும் சற்று இலேசானது. ஆதலால் அந்த உப்புநீரின் மேலே நன்னீர் மிதக்கிறது. நடுவிலே தடித்தும் கரையோரங்களில் மெலிந்தும் நிற்கிறது. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றை அறியாதவர் யார்? அதன் மேல்நீர் நன்னீர்; ஆழத்திலே உவர்நீர். நமது நிலத்தடி எப்படி இருக்கிறதென்பதை அந்த ஒரு கிணறு திறந்து காட்டுகிறது.

இதில் ஒரு கணக்கு உண்டு. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் நிற்கும். நன்னீருக்கும் கடல்நீருக்கும் உள்ள நிறை வேறுபாட்டால் வரும் கணக்கு அது. கல்லின் வெடிப்புக்கேற்ப இடத்துக்கிடம் வேறுபடும். ஆனாற் போக்கு அதுவே. இதை மறுபுறமாகப் படித்துப் பாருங்கள். இறைத்து இறைத்து மேலே ஓரடி குறைந்தால், காலப்போக்கிற் கீழேயிருந்து உப்பு நாற்பதடி மேலேறும். துலா மிதித்த காலத்தில் மனிதன் களைத்தான், கிணறு இளைப்பாறிற்று. யந்திரம் களைப்பதில்லை. கடல்மட்டமும் ஏறுகிறது. நன்னீர் மேலாலும் கீழாலும் நெருக்கப்படுகிறது.

இவ்வளவையும் நான் மேலே எழுதியபோது அருஞ்சொல் எதனையும் ஆளவில்லை. ஆயினும் விஞ்ஞானத்தில் எதையும் விட்டுவிடவும் இல்லை. எங்கள் ஊர் விஞ்ஞான ஆசிரியர் ஒருவரிடம் காட்டினேன்; சரியென்றார். அயலிலுள்ள தோட்டக்காரர் ஒருவருக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப, இரவிரவாக மோட்டர் போடுறது பிழைதான்" என்றார். இரண்டு சான்றும் கிடைத்த பின்னரே இதை அச்சுக்குக் கொடுக்கிறேன்.

மாறாக நடந்த ஒன்றையும் கேளுங்கள். வலிகாமத்துச் செம்மண்ணிலே வெங்காயமும் புகையிலையும் செய்யும் ஊரொன்றில், என்னிடம் படித்த பெண் ஒருத்தி குடியிருக்கிறாள். கைக்குழந்தைக்காரி. தன் கிணற்று நீரைச் சோதிப்பித்துக் கிடைத்த கடதாசியைக் கொண்டுவந்து, "சேர், இதிலை என்ன சொல்லியிருக்கினம்?" என்று கேட்டாள். நைத்திரேற்று இலீற்றருக்கு 62 மில்லிகிராம் என்றும், பருகுநீர் நியமப் பெறுமானத்தை மிகைக்கின்றது என்றும் அதில் இருந்தது. "நீ என்ன செய்கிறாய்?" என்றேன். "நல்லாக் கொதிக்கவைச்சு ஆறவிட்டுத்தான் பிள்ளைக்குக் குடுக்கிறனான்" என்றாள்.

கொதிக்கவைத்தாற் கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் அது கூடவே செய்யும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை அதனால் இழக்கலாம். உடல் நீலம் பாரிக்கும். அந்தக் கடதாசியிற் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவளுக்கு வேண்டியிருந்த வாக்கியங்கள் அதில் இல்லை: "இந்தத் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். கொதிக்கவைத்தாலும் கொடுக்க வேண்டாம். வேறு தண்ணீர் எடுங்கள்." குன்றக் கூறல் என்னும் குற்றம் இதுவன்றோ?

கதை அவ்வளவில் முடியவில்லை. அயல்வீட்டுக்காரர் வேறிடத்திற் கொடுத்துச் சோதிப்பித்ததில் 14 என்று வந்திருந்தது. "அவையின்ரை கிணறு நல்லதாம், சேர், அங்கை அள்ளலாமோ?" என்றாள். நான் இரசாயனம் அறிந்தவனல்லன். விஞ்ஞான ஆசிரியர்தாம் விளக்கினார். ஒரு கடதாசி நைத்திரேற்று முழுவதையும் நிறுத்திருந்தது. மற்றது அதிலுள்ள நைதரசனை மட்டும் நிறுத்திருந்தது. முதற் கணக்கில் எல்லை 50. இரண்டாவதில் ஏறத்தாழ 11. பதினான்கை 4.43ஆற் பெருக்கினால் 62. இரண்டு கிணறும் ஒன்றே! அலகின் பெயரைச் சிறிய எழுத்திற் போட்டு, விளக்கம் போடாது விட்டமையால், ஒரு தாய் கெட்ட தண்ணீரிலிருந்து தப்பிக் கெட்ட தண்ணீருக்கே போகவிருந்தாள்.

சுன்னாகத்துக் கிணறுகளிற் கழிவெண்ணெய் கலந்ததென்று சென்ற பத்தாண்டின் நடுப்பகுதியிற் பெருங்கலக்கம் எழுந்ததை வாசகர் மறந்திருக்கமாட்டார். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019இல் மக்களுக்கு இழப்பீடு வழங்கும்படி தீர்ப்பாயிற்று. அந்த ஆண்டுகளில் ஒவ்வொரு வீட்டாரும் கேட்டது ஒரு கேள்வி: குடிக்கலாமா, கூடாதா? அறிக்கைகள் பல வந்தன. அந்தக் கேள்விக்கு முதல்வரியில் விடை சொல்லும் கடதாசியை என் கண் காணவில்லை.

"விஞ்ஞானத்தைத் தமிழிற் சொல்லப் புகுந்தமையால் வந்த வினை இது, ஆங்கிலத்தில் விட்டிருக்கலாம்" என்று சொல்வோர் உளர். ஆங்கிலத்தில் விட்டிருந்தால் அந்த மீனவரும் அந்தத் தாயும் என்ன செய்திருப்பர்? இந்த வழக்கு யாழ்ப்பாணத்திலே நூற்றறுபது ஆண்டுகளின் முன்பே தீர்க்கப்பட்டுவிட்டது. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்தார். 1860களிற் போதனையைத் தமிழுக்கு மாற்றினார். அவரிடம் பயின்ற அறுபதுக்கு மேற்பட்ட மருத்துவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலேயே கற்றுத் தேறியவர். இரணவைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும் வெளிவந்தன. 1873இல் தாயகம் மீண்ட பின்னும் அவர் தமிழ்ப் பணியை விடவில்லை.

அந்த மூன்று தலைப்புகளையே ஆராய்ந்து பாருங்கள். இரணம், எவரும் அறிந்த சொல். அங்காதிபாதம், அக்காலத்துப் படித்தோர் கேட்ட அளவிற் பொருள்கொள்ளும் வடசொற்றொடர். கெமிஸ்தம், தமிழில் இல்லாத பொருளுக்குப் பிறமொழிச் சொல்லை எடுத்துத் தமிழ் ஈறு கொடுத்து அமைத்தது. ஊர்ச்சொல் இருந்தால் ஊர்ச்சொல். அறிந்த சொல் இருந்தால் அறிந்த சொல். இரண்டும் இல்லையென்றாற் கடன் வாங்கு. தனித்தமிழ் அன்பர் இதனை ஏற்கமாட்டார். நானும் ஒருகாலத்தில் ஏற்கவில்லை. நோயாளி முன்னே நின்றவருக்குச் சொல்லின் குலம் கோத்திரம் பார்க்க நேரமில்லை என்பது இப்போது எனக்குத் தெரிகிறது.

கிறீன் பிறந்த அதே 1822ஆம் ஆண்டிலேதான் நல்லூரில் ஆறுமுக நாவலரும் பிறந்தார். சமயத்தில் இருவரும் எதிரெதிர்த் திசை. ஆனால் ஒன்றில் இருவரும் ஒத்தனர்: வாசிப்பவனுக்கு விளங்காத வசனம் வசனமன்று. செய்யுளாகக் கிடந்த பெரியபுராணத்தை நாவலர் வசனமாக்கினார். சிறுவர்க்குப் பாலபாடம் எழுதினார். நிறுத்தக்குறிகளை இட்டு வாக்கியத்துக்கு மூச்சுவிடும் இடங் கொடுத்தார். அவரிலும் மிக்க இலக்கணம் எனக்குத் தெரியுமா? அவர் பிரித்து எழுதிய சந்தியை நான் வலிந்து சேர்த்துக் 'கடன்மேற் செலவு' செய்தேன்.

காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரி. 1936இற் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவரே தலைமை வகித்தார். பண்டிதமும் விஞ்ஞானமும் ஒரே தலைக்குள் இருக்கக்கூடும் என்பதற்கு அவர் சான்று. இன்று அவ்விரண்டும் ஒரே பாடசாலையின் இரண்டு கட்டடங்களில் இருக்கின்றன, இடைவேளையிற்கூடச் சந்திப்பதில்லை.

கலைச்சொல் வேண்டாம் என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளவேண்டாம். தாழமுக்கம் என்னும் சொல் வேண்டும். நைத்திரேற்று என்னும் சொல்லும் வேண்டும். மருத்துவனும் பொறியியலாளனும் மாணவனும் தம்முள் நுட்பமாகப் பேச அவை இன்றியமையாதன. எளிமை என்று சொல்லி நுட்பத்தைக் கைவிடுவது சோம்பல். நான் கேட்பது, கலைச்சொல்லின் பக்கத்தில் ஒரு சாதாரண வாக்கியம் நிற்கவேண்டும் என்பதே. "100 மில்லிமீற்றர் மழை" என்று சொல்லுங்கள். உடனே, "ஒரு பரப்புக் காணியில் ஏறத்தாழ 25,000 இலீற்றர், அதாவது 5,000 இலீற்றர்ப் பவுசர் ஐந்து" என்றும் சொல்லுங்கள். வெள்ளவாய்க்காலை அடைத்து மதில் கட்டியவர் அந்த ஐந்து பவுசரும் எங்கே போகும் என்று யோசிக்கத் தொடங்குவார். விளங்கும் உதாரணம் சொல்வதும் நன்னூலார் கூறிய அழகுகளுள் ஒன்று.

மேனாட்டார் விஞ்ஞானமும் இவ்வழியே சென்றிருக்கிறது. பிரித்தானியக் கடற்படையைச் சேர்ந்த போபட் என்பவர் 1805இற் காற்றின் வலுவை வகுத்தபோது, கப்பல் எத்தனை பாய் தாங்கும் என்பதைக் கொண்டே வகுத்தார். பின்வந்தோர் அதனைத் தரைக்கும் பொருத்தினர். புகை நேரே எழுந்தால் 0; மரங்கள் வேரோடு பெயர்ந்தால் 10. கண்ணுள்ளவர் எவரும் அளக்கலாம். நம் கரையோர மக்களிடமும் வாடை, சோளகம், கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர்கள் உண்டு. அவை திசையும் காலமும் காட்டும் சொற்கள். வடகீழ்ப் பருவப்பெயர்ச்சிக் காற்று என்று எழுதும் கை, பக்கத்திலே வாடை என்றும் ஒரு சொல் எழுதினாற் குறைந்தா போகும்? உலகம் மலையாமை என்று நன்னூலார் சொன்னது இதையும் உட்கொள்ளும் என்பது என் கருத்து.

இப்போது மொழிபெயர்ப்பை யந்திரம் செய்கிறது. ஒரு நொடியில் ஒரு பக்கம் தமிழ் வந்துவிடுகிறது. பிழையும் முன்னிலும் குறைவு. நான் அதனை வெறுப்பவனல்லன். அந்த மாலையில் என் திருத்தத்தைவிட யந்திரத்தின் தமிழ் நன்றாகவே இருந்திருக்கும். ஆயினும் நானும் யந்திரமும் ஒரு குற்றத்தில் ஒன்றுபடுகிறோம். எழுதி முடிந்ததும் கரைக்குப் போய், "அண்ணை, இதிலே என்ன விளங்குது?" என்று இருவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க மனிதன் வேண்டும். அதற்குப் பட்டம் வேண்டியதில்லை; கூச்சம் போகவேண்டும்.

ஆசிரியர்களுக்கும் மாணாக்கர்களுக்கும் என் வேண்டுகோள் மூன்று. முதலாவது, எந்த அறிவித்தலிலும் செய்யவேண்டியதை முதல் வாக்கியத்தில் வையுங்கள். எங்கே, எப்போது என்பதை இரண்டாவதில் வையுங்கள். காரணம் அதன் பின் வரட்டும். முறையின் வைப்பு என்பது இதுவே. இரண்டாவது, கட்டுரைப் பாடத்திலே 'நிலாக் காட்சி'யோடு, 'என் பாட்டிக்கு ஒரு வெள்ள எச்சரிக்கை' என்றும் ஒரு தலைப்புக் கொடுங்கள். பாட்டிக்கு விளங்கினாற் புள்ளி; விளங்காவிடில் அணியலங்காரம் எவ்வளவு இருந்தாலும் புள்ளி இல்லை. மூன்றாவது, தமிழாசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் மாதத்தில் ஒருநாள் ஒரே மேசையில் இருந்து ஒரு பக்கம் எழுதுங்கள். பனையோலை எந்தக் காற்றில் எப்படி அசைகிறது என்று மாணவரைக் கொண்டு பதிவித்து, நமக்கென்று ஒரு காற்றளவைகூட ஆக்கலாம். பனைக்கு இங்கே பஞ்சமில்லை.

2024 நவம்பர் இறுதியில், 'பெங்கல்' சூறாவளியாகப் பின்னர் உருவெடுத்த தாழமுக்கம் நம் கீழ்க்கரையை ஒட்டி வந்தபோது குடாநாடு மறுபடியும் வெள்ளத்தில் நின்றது. சனசமூக நிலையத்தார் மீண்டும் என்னிடம் வந்தனர். அவர்கள் பொறுமையை நான் மெச்சுகிறேன். இம்முறை நான் எழுதியது இது: "கடலுக்குப் போகவேண்டாம். திரும்ப அறிவிக்கும் வரை எவரும் போகவேண்டாம். வலை போட்டிருந்தாலும் எடுக்கப் போகவேண்டாம். பெரும் காற்று வருகிறது."

கொடுத்தனுப்புமுன் அதை எடுத்துக்கொண்டு, குடையும் பிடித்துக்கொண்டு, வலக்கை சற்றே வளைந்து பொருந்திய அந்த மனிதரின் வீட்டுக்குப் போனேன். வாசித்துக் காட்டினேன். அவர் முழுவதையும் கேட்டார். "மூண்டு தரம் வேண்டாம் எண்டு வருதே, ஐயா. உங்கடை தமிழுக்கு அது வடிவில்லையே" என்றார். கூறியது கூறல் என்னும் குற்றத்தை அவர் கண்டுபிடித்துவிட்டார். "விளங்குதோ?" என்று கேட்டேன்.

"விளங்குது" என்றார். அப்படியே அனுப்பிவைத்தேன்.